சி.என்.ஏ. கிளாஸ் சேரப் போறீங்களா? நர்ஸிங் ஹோம்ல புழங்குற வார்த்தைகளும் அதுக்குப் பின்னாடி இருக்குற கணக்கும்

அமெரிக்காவுல சி.என்.ஏ. (சர்டிஃபைடு நர்ஸிங் அசிஸ்டன்ட், நர்ஸுக்குக் கீழ வேலை பாக்குற உதவியாளர்) வேலைக்குப் போலாமான்னு யோசிக்கிற நம்ம ஆளுங்க என்கிட்ட மொதல்ல கேக்குறது "இங்கிலீஷ் வெச்சு சமாளிச்சிடலாமா"ங்கிறதுதான். இங்கிலீஷ்லாம் பழகப் பழக வந்துடும்ங்க, இடிக்கிறது வேற எடத்துல. கிளாஸ்ல உக்காந்த உடனே டீச்சர் எஸ்.என்.எஃப்., ஏ.டி.எல்., எம்.டி.எஸ்., டி.ஓ.என்.னு எழுத்து எழுத்தா கொட்டுவாங்க, மனப்பாடம் பண்ணினா எழுத்துப் பரீட்சை பாஸ் ஆயிடும், ஆனா ஃப்ளோருக்கு, அதாவது வார்டுக்குப் போனா முழிப்பீங்க, ஏன்னா ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாடியும் யார் காசு குடுக்கறாங்க, யார் யாருக்குப் பதில் சொல்லணும், எது நம்ம வேலை எது இல்லன்னு ஒரு கணக்கு ஓடிட்டு இருக்கு. அது புரிஞ்சுட்டா வார்த்தை தானா மனசுல நின்னுடும்.

இந்த வேலைக்கே ஆதாரம் 1987ல வந்த ஆப்ராங்கிற ஃபெடரல் சட்டம். அதுக்கு முன்னாடி நர்ஸிங் ஹோம் உதவியாளருக்கு நாடு முழுக்க பொதுவான பயிற்சின்னு ஒண்ணும் கெடையாது. ஆப்ரா வந்துதான் குறைஞ்சது 75 மணி நேரம் ட்ரெய்னிங், அதுல 16 மணி நேரம் ஒருத்தர் மேற்பார்வையில செய்முறைப் பயிற்சி, அப்புறம் பரீட்சை, அப்புறம் ஸ்டேட் ரெஜிஸ்ட்ரியில (பதிவேட்டுல) பேரு, வேலையில சேந்தப்புறம் வருஷா வருஷம் 12 மணி நேரம் இன்-சர்வீஸ் ட்ரெய்னிங்னு கட்டாயமாக்குச்சு. 75ங்கிறது மினிமம்தான். டெக்ஸாஸ்ல 100, கலிஃபோர்னியாவுல 160, மெய்ன்ல 180. அதனால பக்கத்து ஸ்டேட்ல இருக்குற ஃப்ரெண்டு "மூணே வாரத்துல முடிச்சேன்"னு சொன்னா அதை வெச்சு உங்க ப்ளான் போடாதீங்க.

இன்னொண்ணு, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. ஒரு நர்ஸிங் ஹோம் உங்களை வேலைக்கு எடுத்துக்கிட்டு ட்ரெய்னிங் குடுத்தா, இல்ல ஆஃபர் குடுத்து கிளாஸ்ல சேத்தா, அவங்க உங்ககிட்ட கிளாஸுக்கோ புக்குக்கோ பரீட்சைக்கோ காசு வாங்கக் கூடாது. நீங்களே கைக்காசு போட்டுப் படிச்சு, முடிச்ச 12 மாசத்துக்குள்ள மெடிகேர், மெடிகெய்ட்ங்கிற அரசாங்க இன்ஷூரன்ஸ் காசு வாங்குற நர்ஸிங் ஹோம்ல சேந்தா, கட்டின காசைத் திருப்பித் தர்றதுக்கும் ஸ்டேட்ல வழி இருக்கு. நம்ம ஆளுங்க பல பேருக்கு இது தெரியறதே இல்ல.

எந்த எடத்துல வேலை

நம்ம ஊர்ல நர்ஸிங் ஹோம்னா பிரசவம் பாக்குற சின்ன தனியார் ஆஸ்பத்திரி. இங்க அது அது இல்ல. இங்க நர்ஸிங் ஹோம்னா வயசானவங்களும் ரொம்ப முடியாதவங்களும் தங்கியிருக்குற எடம், சில பேருக்கு அதுதான் கடைசி வரைக்கும் வீடு, அதனாலதான் அங்க பேஷன்ட்னு சொல்ல மாட்டாங்க, ரெசிடென்ட்னு சொல்லுவாங்க. வீட்டுக்குப் போய்ப் பாக்குற ஹோம் ஹெல்த்ல க்ளையன்ட். ஆஸ்பத்திரியில மட்டும்தான் பேஷன்ட்.

ஆஸ்பத்திரியை அக்யூட் கேர்னு சொல்றாங்க, திடீர்னு வர்ற நோய்க்கு, விபத்துக்கு, ஆபரேஷனுக்கு. அங்கேர்ந்து டிஸ்சார்ஜ் ஆனவங்க, ஆனா வீட்டுக்கு அனுப்புற அளவுக்குத் தேறாதவங்க வர்றது எஸ்.என்.எஃப்., ஸ்கில்டு நர்ஸிங் ஃபெஸிலிட்டி. வாய்ல எல்லாரும் "ஸ்னிஃப்"னுதான் சொல்லுவாங்க, பயப்படாதீங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆனவங்க, ஸ்ட்ரோக் வந்தவங்க, ஐ.வி. மருந்து போறவங்க, காயத்துக்கு தினமும் நர்ஸ் கட்டுப் போட வேண்டியவங்க, இந்த மாதிரி. ஒரே கட்டடத்துல ஒரு விங் ஸ்கில்டு, இன்னொரு விங் லாங் டெர்ம் கேர்னு இருக்கும், வாசல் ஒண்ணுதான், ஆனா உள்ள கணக்கே வேற, அதை அடுத்து சொல்றேன்.

அசிஸ்டட் லிவிங்ங்கிறது ஓரளவு தானே பாத்துக்கிறவங்களுக்கு. சாப்பாடு, துணி, மாத்திரை ஞாபகப்படுத்துறது, குளிக்க கொஞ்சம் உதவி. அதை அந்தந்த ஸ்டேட்தான் கட்டுப்படுத்துது, நர்ஸிங் ஹோம் மாதிரி ஃபெடரல் ரூல்ஸ் கெடையாது. மெமரி கேர் டிமென்ஷியா (மறதி நோய்) வந்தவங்களுக்கு, கதவுக்கு கோட் நம்பர் போட்டிருக்கும். அடல்ட் டே கேர் பகல்ல மட்டும். பேஸ்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, 55 வயசுக்கு மேல, நர்ஸிங் ஹோம் அளவுக்கு உதவி தேவைப்படுறவங்க ஆனா வீட்லயே இருக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு. இது சான் ஃப்ரான்சிஸ்கோ சைனாடவுன்ல 1970கள்ல ஆன் லாக்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து வளந்தது.

காசு யாரு குடுக்கறாங்க

மெடிகேர், மெடிகெய்ட். ரெண்டும் 1965ல லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட ஒரே சட்டத்துல வந்தது, பேரும் ஒரே மாதிரி இருக்கும், ஆனா குழப்பிக்காதீங்க.

மெடிகேர் வயசைப் பாக்கும். 65 ஆனவங்க, அதுக்குக் கீழ இருந்தாலும் டிஸெபிலிட்டி உள்ளவங்க, கிட்னி ஃபெயிலியர் ஆனவங்க. பார்ட் ஏ ஆஸ்பத்திரி, பார்ட் பி டாக்டர், பார்ட் டி மருந்து, பார்ட் சி-ங்கிறது இதையெல்லாம் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி மூலமா வாங்கிக்கிறது, அதுக்குப் பேரு மெடிகேர் அட்வான்டேஜ். மெடிகெய்ட் வருமானத்தைப் பாக்கும். ஃபெடரலும் ஸ்டேட்டும் சேந்து காசு போடுது, அதனால ஸ்டேட்டுக்கு ஸ்டேட் பேரே மாறும், கலிஃபோர்னியாவுல மெடி-கால், மாசச்சூசெட்ஸ்ல மாஸ்ஹெல்த்.

இப்ப முக்கியமான எடம். மெடிகேர் நர்ஸிங் ஹோமுக்கு ஆயுசுக்கும் காசு குடுக்காது. மூணு நாளாவது ஆஸ்பத்திரியில இன்பேஷன்ட்டா இருந்துட்டு, தினமும் ஸ்கில்டு கேர் தேவைன்னு எஸ்.என்.எஃப்.க்கு வந்தா, ஒரு பெனிஃபிட் பீரியட்ல அதிகபட்சம் 100 நாள். அதுல முதல் 20 நாள் முழுசா, 21லேர்ந்து 100 வரைக்கும் ரெசிடென்ட் ஒரு நாளைக்கு 200 டாலருக்கு மேல கோ-பே கட்டணும், 101வது நாள் ஒண்ணும் கெடையாது. 100 நாளும் கெடைக்கும்னு கூட உறுதி இல்ல, ஸ்கில்டு தேவை முடிஞ்சுதுன்னு தெரபியும் நர்ஸும் எழுதிட்டா அதோட கட். ஆஸ்பத்திரியில "அப்ஸர்வேஷன்"னு போட்டு படுக்க வெச்சிருந்தா அந்த நாளெல்லாம் அந்த மூணு நாள் கணக்குல வரவே வராது. அதே பெட், அதே சாப்பாடு, அதே நர்ஸ், ஆனா பேப்பர்ல வேற. குடும்பத்துக்கு இது தெரிய வர்றப்ப உங்க முன்னாடிதான் கத்துவாங்க, நீங்க செய்ய வேண்டியது "பிசினஸ் ஆஃபீஸ்ல, சோஷியல் வொர்க்கர்கிட்ட பேசுங்க"ன்னு சொல்றது மட்டும்தான். காசு விஷயத்துல நீங்க வாயைத் தொறக்காதீங்க.

வெறும் குளிக்க வைக்கிறது, துணி மாத்துறது, சாப்பிட வைக்கிறது மட்டும் தேவைப்படுறவங்களுக்குப் பேரு கஸ்டோடியல் கேர். அதுக்கு மெடிகேர் கெடையாது. கைக்காசு போட்டா ப்ரைவேட் பே. கைக்காசு கரைஞ்சு மெடிகெய்டுக்கு வர்ற அளவுக்கு ஆறதுக்குப் பேரு ஸ்பென்ட்-டவுன். நர்ஸிங் ஹோம்ல இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மெடிகெய்ட்தான் கட்டுது. அவங்களோட சோஷியல் செக்யூரிட்டி பணம் கிட்டத்தட்ட முழுசா ஃபெஸிலிட்டிக்குப் போயிடும், மாசம் ஒரு சின்னத் தொகை மட்டும் அவங்க கையில, பர்சனல் நீட்ஸ் அலவன்ஸ், ஃபெடரல் மினிமம் 30 டாலர், சில ஸ்டேட்ல கொஞ்சம் கூட. முடி வெட்ட, சாக்லேட் வாங்க, பேரப்பிள்ளைக்கு கார்டு அனுப்ப எல்லாம் அதுதான். அந்த ரூம்ல டேபிள் மேல கெடக்குற அஞ்சு டாலர் காணாமப் போனா ஏன் போலீஸ் வரைக்கும் போவுதுன்னு இப்ப புரியும்.

சைடுல ஒரு விஷயம், இது நம்ம வீட்டுக்கு. ஊர்லேர்ந்து அப்பா அம்மாவை கிரீன் கார்டுல கூட்டிட்டு வந்தா 65 ஆயிடுச்சுன்னு உடனே மெடிகேர் கெடைக்காது, இங்க வேலை பாத்த கணக்கு இல்லாதவங்க அஞ்சு வருஷம் தொடர்ச்சியா இருந்தப்புறம்தான் ப்ரீமியம் கட்டி வாங்க முடியும்.

யாருக்குக் கீழ யாரு

நீங்க ரிப்போர்ட் பண்றது சார்ஜ் நர்ஸ்கிட்ட. அவங்க ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) ஆ இருக்கலாம், இல்ல அதுக்கு ஒரு படி கீழ இருக்குற எல்.பி.என். (லைசன்ஸ்டு ப்ராக்டிகல் நர்ஸ்) ஆ இருக்கலாம், எல்.பி.என்.ஐயே கலிஃபோர்னியாவுலயும் டெக்ஸாஸ்லயும் எல்.வி.என்.னு சொல்லுவாங்க. அவங்களுக்கு மேல யூனிட் மேனேஜர், அதுக்கு மேல டி.ஓ.என்., டைரக்டர் ஆஃப் நர்ஸிங், எல்லாத்துக்கும் மேல அட்மினிஸ்ட்ரேட்டர். இதுக்குத்தான் செயின் ஆஃப் கமாண்ட். நர்ஸை "சிஸ்டர்"னு கூப்பிடுற பழக்கம் வாய்ல இருந்தா இப்பவே விட்டுடுங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடுறதுதான் இங்க மரியாதை. ரெசிடென்ட்டை மட்டும் மிஸ்டர், மிஸஸ் போட்டு. "பாட்டி", "ஸ்வீட்டி", "ஹனி"லாம் பாசமா சொன்னாலும் பரீட்சையில தப்பு, சர்வேயில, அதாவது ஸ்டேட் இன்ஸ்பெக்‌ஷன்ல, அதுக்கே தப்புன்னு எழுதுவாங்க.

அப்புறம் பி.டி. (ஃபிஸிக்கல் தெரபிஸ்ட்) நடக்க, எழுந்து உக்கார, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) கையால செய்யற வேலை, துணி போடுறது, ஸ்பூன் பிடிக்கிறது. ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சு மட்டும் இல்ல, முழுங்குறதும் அவங்கதான் பாப்பாங்க. தண்ணி கெட்டியாக்கிக் குடுக்கச் சொல்றது அவங்க சொல்லித்தான். அப்படி இருக்குறவங்களுக்கு சாதா தண்ணி குடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும், ஆஸ்பிரேஷன். தாகமா இருக்குன்னு கெஞ்சுவாங்க, மனசு கேக்காது, ஆனா குடுக்கக் கூடாது, நர்ஸ்கிட்ட போய்ச் சொல்லணும்.

ஸ்கோப் ஆஃப் ப்ராக்டிஸ்னா சட்டப்படி நீங்க செய்யலாம்ங்கிற எல்லை. சி.என்.ஏ. மாத்திரை குடுக்கக் கூடாது (சில ஸ்டேட்ல மெடிகேஷன் எய்டுன்னு தனி சர்டிஃபிகேட் உண்டு, அது வேற). டியூப் போடக் கூடாது, எடுக்கக் கூடாது. ஆக்ஸிஜன் அளவைக் கூட்டக் குறைக்கக் கூடாது. டாக்டர் ஃபோன்ல ஆர்டர் சொன்னா வாங்கிக்கக் கூடாது, "ஹோல்டு பண்ணுங்க, நர்ஸைக் கூப்பிடுறேன்". சுகர் இருக்குறவங்களுக்கு நகம் வெட்டக் கூடாது. நர்ஸ் உங்களை ஒரு வேலை செய்யச் சொல்றது டெலிகேஷன். அது உங்க எல்லைக்கு வெளிய இருந்தா "எனக்கு இதுக்கு அனுமதி இல்ல"ன்னு சொல்லலாம், சொல்லணும், ஆனா சொல்லிட்டுப் பேசாம போயிடக் கூடாது, அவங்க காதுல விழுந்துச்சான்னு பாக்கணும்.

நமக்கு வர்ற சங்கடம் ஒண்ணு இருக்கு. தமிழ்க்காரங்க ஒருத்தர் ரெசிடென்ட்டா இருப்பாங்க, பொண்ணு ஃபோன் பண்ணி உங்க குரல் கேட்ட உடனே "அக்கா, நீங்கதானா, அம்மாவுக்கு ப்ளட் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா, டாக்டர் என்ன சொன்னார்"னு தமிழ்ல கேப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் சொல்லக் கூடாது. ஹிப்பா, நோயாளி விவரத்தை ரகசியமா வெச்சுக்கணும்ங்கிற 1996 சட்டம். அதுவும் போக ரிசல்ட் சொல்றது நம்ம ஸ்கோப்பே இல்ல. "நர்ஸ் கிட்ட குடுக்கறேம்மா"ன்னு சொல்லி லைனை மாத்துங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. சாப்பாடு வேணுமா, குளிருதா, பாத்ரூம் போகணுமான்னு தமிழ்ல கேக்குறது தாராளமா கேக்கலாம், ஆனா ஆபரேஷனுக்கு சம்மதம், நோய் விவரம் இதெல்லாம் மொழிபெயர்க்கச் சொன்னா அதுக்குத் தகுதியான இன்டர்ப்ரெட்டர்னு தனியா ஆளு, ஃபோன் லைன் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்க.

ஏ.டி.எல்., எம்.டி.எஸ்., நீங்க அழுத்துற அந்த நம்பர்

இதைத்தான் எல்லாரும் அவசரமாத் தாண்டிப் போறாங்க, இதுலதான் மொத்த சமாச்சாரமும் இருக்கு.

ஏ.டி.எல்.னா தினசரி செய்யற வேலைங்க. குளிக்கிறது, துணி போடுறது, சாப்பிடுறது, டாய்லெட் போறது, கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாறுறது. நீங்க உதவி பண்றது இதுக்குத்தான். உதவி பண்ணினதை ஹால்ல சுவத்துல இருக்குற ஸ்க்ரீன்லயோ டேப்லெட்லயோ போடணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரெல்லாம் போய்ச் சேர்ற எடம் எம்.டி.எஸ்., மினிமம் டேட்டா செட். மெடிகேர் மெடிகெய்ட் வாங்குற ஒவ்வொரு நர்ஸிங் ஹோமும் ஒவ்வொரு ரெசிடென்ட்டுக்கும் இதை நிரப்பணும்: வந்த 14 நாளுக்குள்ள ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒண்ணு பெருசா, நடுவுல ஒடம்பு ரொம்ப மாறினா அப்பவும். இதுக்குன்னே எம்.டி.எஸ். கோ-ஆர்டினேட்டர்னு ஒரு நர்ஸ் இருப்பாங்க. ஃபெஸிலிட்டிக்கு எவ்வளவு காசு வரும், ஸ்டார் ரேட்டிங் எத்தனை, கேர் ப்ளான்ல (அந்த ரெசிடென்ட்டை எப்படிப் பாத்துக்கணும்ங்கிற திட்டத்துல) என்ன எழுதணும், எல்லாத்துலயும் இது வந்து நிக்கும்.

நம்பர் 1லேர்ந்து 6 வரைக்கும். 6னா அவங்களே முழுசா பண்ணிக்கிட்டாங்க. 5னா நீங்க எடுத்து வெச்சீங்க, இல்ல முடிச்சப்புறம் எடுத்து வெச்சீங்க, நடுவுல தொடல. 4னா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தீங்க, லேசா கை வெச்சீங்க. 3னா பாதிக்கும் கம்மியா நீங்க பண்ணினீங்க. 2னா பாதிக்கும் மேல நீங்க. 1னா எல்லாமே நீங்க, இல்ல ரெண்டு பேர் சேந்து பண்ணினீங்க. மாட்டேன்னு சொல்லிட்டா 07.

ஒரு சட்டை போடுறதை எடுத்துக்கோங்க. ஸ்ட்ரோக்ல வலது கை விழுந்தவங்க. சட்டையை நீங்க அலமாரியிலேர்ந்து எடுத்துட்டு வந்தீங்க. பலவீனமான கையை மொதல்ல நுழைக்கணும் (பரீட்சையில இதுக்கு மார்க் இருக்கு: போடும்போது பலவீனமான பக்கம் மொதல்ல, கழட்டும்போது நல்ல பக்கம் மொதல்ல), அதை நீங்க நுழைச்சு விட்டீங்க. முதுகுப் பக்கமா சட்டையைச் சுத்தி அவங்களே இழுத்துக்கிட்டாங்க, இடது கையை அவங்களே நுழைச்சாங்க, பட்டனை ஒத்தைக் கையால முக்கி முக்கி அவங்களே போட்டுக்கிட்டாங்க, மேல் பட்டன் மட்டும் நீங்க. இது 3. இப்ப காலையில பத்து பேரைக் கெளப்பணும், நேரம் இல்லன்னு நீங்களே சடசடன்னு எல்லாத்தையும் போட்டு விட்டு 1னு அழுத்துனா, அவங்களால முடியறது கணக்குலேர்ந்தே காணாமப் போயிடும், ஓ.டி. வேற மாதிரி முடிவெடுப்பாங்க, அவங்களுக்கும் கொஞ்ச நாள்ல நெஜமாவே முடியாமப் போயிடும். அதே மாதிரி, முந்தின ஷிப்ட் போட்டதைப் பாத்துக் காப்பி அடிச்சு 3னு அழுத்துனா, நேத்து விழுந்து ரெண்டு பேர் தூக்க வேண்டியிருக்குறவங்களுக்கு ஒரு ஆள் போதும்னு பேப்பர் சொல்லும். பாத்ததைப் போடுங்க, முந்தினதைப் போடாதீங்க. செய்யாததைப் போட்டா அது ஃபால்ஸ் டாக்குமென்டேஷன், வேலை போற விஷயம்.

எம்.டி.எஸ்.லயே பிம்ஸ்னு ஒண்ணு வரும், ஞாபக சக்திக்கு. மூணு வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுவாங்க, சாக், ப்ளூ, பெட். 15க்கு மார்க். 13ம் அதுக்கு மேலயும்னா நல்லா இருக்காங்க, 8லேர்ந்து 12 மிதமான மறதி, 7ம் அதுக்குக் கீழயும்னா ரொம்ப. இதை நீங்க பண்ண மாட்டீங்க, ஆனா "அவங்க பிம்ஸ் 5"னு நர்ஸ் சொன்னா, அந்தம்மா "நான் சாப்பிட்டுட்டேன்"னு சொல்றதை அப்படியே நம்பாம தட்டைப் பாக்கணும்னு அர்த்தம்.

எம்.டி.எஸ்.லேர்ந்து கேர் ப்ளான் வரும். வந்த 48 மணி நேரத்துக்குள்ள ஒரு பேஸ்லைன் கேர் ப்ளான், அப்புறம் முழுசா ஒண்ணு. அதை எழுதுற டீம்ல அந்த ரெசிடென்ட்டைப் பாத்துக்குற நர்ஸ் எய்டும் ஒருத்தர்னு ஃபெடரல் ரூல்லயே இருக்கு. பல எடத்துல பேருக்குக் கூட நம்மளைக் கூப்பிட மாட்டாங்க, அது எனக்கு ரொம்ப நாளா இருக்குற கடுப்பு, ஆனா கூப்பிட்டா போய்ப் பேசுங்க, அந்தம்மா ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்காங்கன்னு உங்களை விட யாருக்குத் தெரியும். கேர் ப்ளானோட சுருக்கம்தான் கார்டெக்ஸ், ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மொதல்ல பாக்க வேண்டியது அது: ஒரு ஆளா ரெண்டு ஆளா, இடுப்புல கட்டிப் பிடிச்சுக்குற கெயிட் பெல்ட்டா, மெஷினால தூக்குற மெக்கானிக்கல் லிஃப்ட்டா, என்ன டயட், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணுமா.

எழுதுறதும் சொல்றதும்

ஐ அண்ட் ஓன்னா உள்ள போனது வெளிய வந்தது. எல்லாமே மில்லில. ஒரு அவுன்ஸ் 30 மில்லி. காலையில 4 அவுன்ஸ் ஜூஸ் முழுசும் குடிச்சாங்க, 120. 8 அவுன்ஸ் காஃபியில பாதி, 120. பால் கார்ட்டன் 8 அவுன்ஸ் முழுசும், 240. 4 அவுன்ஸ் ஜெல்லோ முழுசும் தின்னாங்க, அதுவும் கணக்குல வரும், ஏன்னா சாதா சூட்டுல அது தண்ணியாயிடும், 120. மொத்தம் 600. ஐஸ்க்ரீம், சூப் கூட இப்படித்தான். சாப்பாடு மட்டும் சதவீதத்துல, "சரியாச் சாப்பிடல"ன்னு எழுதாதீங்க, 25 சதவீதம்னு எழுதுங்க. யூரின் அளக்குற டம்ளரை மேசையில வெச்சுக் கண்ணு மட்டத்துக்குக் குனிஞ்சு பாக்கணும், தூக்கிப் பிடிச்சுப் பாக்கக் கூடாது.

ஆப்ஜெக்டிவ்னா நீங்க பாத்தது, அளந்தது. சப்ஜெக்டிவ்னா அவங்க வாய்ல சொன்னது. "அந்தம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன்னு நெனைக்கிறேன்"ங்கிறது ரெண்டும் இல்ல, அது டயக்னோஸிஸ், நம்ம வேலை இல்ல. இப்படிச் சொல்லுங்க: "மிஸஸ் கே., ரூம் 14, யூரின் கலங்கி நாத்தம் அடிக்குது, போகும்போது எரியுதுன்னு சொல்றாங்க, டெம்பரேச்சர் 100.8, நேத்து நம்ம பேரெல்லாம் சொன்னவங்க இன்னைக்கு எங்க இருக்கோம்னு கேக்குறாங்க." அவ்வளவுதான், மீதி நர்ஸ் பாத்துப்பாங்க. பி.பி. 120க்கு 80க்குக் கீழ, நாடி 60லேர்ந்து 100, மூச்சு 12லேர்ந்து 20, இதுதான் வழக்கமான அளவு. மூச்சை எண்ணும்போது எண்ணுறேன்னு சொல்லாதீங்க, சொன்னா மூச்சு மாறிடும், நாடியைப் பிடிச்ச மாதிரியே கையை வெச்சுக்கிட்டு எண்ணுங்க.

சுருக்கெழுத்துல அடிக்கடி வர்றது: என்.பி.ஓ.ன்னா வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாது, தண்ணி கூட. பி.ஆர்.என்.னா தேவைப்படும்போது. பி.ஐ.டி. ரெண்டு வேளை, டி.ஐ.டி. மூணு, க்யூ.ஐ.டி. நாலு. எச்.ஓ.பி. கட்டிலோட தலைப்பக்கம். ஆர்.ஓ.எம். மூட்டுகளை மடக்கி நீட்டுறது. என்.டபிள்யூ.பி.ன்னா அந்தக் கால்ல துளி கூட எடை போடக் கூடாது. எஸ்.ஓ.பி. மூச்சு வாங்குது. நேரம் 24 மணி கணக்குல, சாயந்தரம் 3 மணி 1500. ஷிப்ட் பெரும்பாலும் 7-3, 3-11, 11-7.

டி.என்.ஆர்.னா இதயம் நின்னா சி.பி.ஆர். பண்ணக் கூடாதுன்னு டாக்டர் ஆர்டர். இதை நம்ம ஆளுங்க ரொம்பத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. டி.என்.ஆர்.னா கவனிக்க வேண்டாம்னு அர்த்தமே கெடையாது. சாப்பாடு, தண்ணி, சுத்தம், வலிக்கு மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் வழக்கம் போல. ஹாஸ்பிஸ்ங்கிறது நோய் அதன் போக்குல போனா ஆறு மாசமோ அதுக்குள்ளயோன்னு டாக்டர்கள் எழுதிக் குடுத்தவங்களுக்கு, குணப்படுத்துறதை விட்டு வலி இல்லாம வெச்சுக்கிறது. ஆறு மாசம் தாண்டினா வெளிய அனுப்பிட மாட்டாங்க, திரும்ப சர்டிஃபை பண்ணித் தொடருவாங்க. பாலியேட்டிவ் கேர் அதுலேர்ந்து வேற, சிகிச்சை நடக்கும்போதே கூடவே குடுக்கலாம்.

உரிமை, அப்யூஸ், சர்வே

ரெசிடென்ட் ரைட்ஸும் ஆப்ராவுலேர்ந்துதான். மாட்டேன்னு சொல்ற உரிமை அதுல பெருசு. குளிக்க மாட்டேன்னா குளிப்பாட்டக் கூடாது. கொஞ்ச நேரம் கழிச்சு வேற மாதிரி கேட்டுப் பாருங்க, அப்பவும் மாட்டேன்னா நர்ஸ்கிட்ட சொல்லிட்டு எழுதுங்க. நல்லதுக்குத்தானேன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா அது சட்டத்துல பேட்டரிங்கிற குற்றம், அடிக்கப் போறேன்னு மெரட்டினா அஸால்ட். வீட்ல நம்ம தாத்தாவை அதட்டிச் சோறு ஊட்டின பழக்கம் இங்க வேலைக்கு ஆகாது.

ரெஸ்ட்ரெய்ன்ட்னா கட்டி வைக்கிறது மட்டும் இல்ல. எழுந்திருக்க விடாம தட்டு மேசையை முன்னாடி மாட்டுறது, வீல்சேரைச் சுவத்தோட ஒட்டி லாக் பண்றது, கட்டில் கம்பியைத் தூக்கி விடுறது கூட ரெஸ்ட்ரெய்ன்ட் ஆகலாம். நோய்க்கு இல்லாம, நம்ம வசதிக்காக ஆளை அடக்கி வைக்க மருந்து குடுக்கறது கெமிக்கல் ரெஸ்ட்ரெய்ன்ட். கால் லைட்டை (உதவிக்குக் கூப்பிட அழுத்துற பட்டனை) எட்டாத எடத்துல வெச்சா அது நெக்லெக்ட், கவனிக்காம விடுறது. காசு, பொருள் எடுத்தா மிஸ்அப்ரோப்ரியேஷன். அப்யூஸ் (கொடுமைப்படுத்துறது) நடந்துச்சுன்னு சந்தேகம் வந்தா போதும், ப்ரூஃப் தேட வேண்டியது உங்க வேலை இல்ல, அந்த நிமிஷமே மேல சொல்லணும். நம்ம எல்லாருமே மேன்டேட்டட் ரிப்போர்ட்டர்ஸ், சட்டப்படி சொல்லியே ஆகணும். அப்யூஸ் புகார் வந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபெஸிலிட்டி ஸ்டேட்டுக்குச் சொல்லியாகணும். உங்க பேர்ல அப்யூஸ்னு நிரூபணமாயிட்டா ரெஜிஸ்ட்ரியில ஏறிடும், அப்புறம் எந்த நர்ஸிங் ஹோமும் எடுக்க முடியாது. உள்ள சொல்லியும் யாரும் கேக்கலன்னா ஆம்பட்ஸ்மேன். ரெசிடென்ட் பக்கம் நின்னு பேசுறதுக்குன்னே இருக்குறவங்க, ஃபோன் நம்பர் லாபியில போஸ்டர்ல இருக்கும்.

சர்வேன்னா கேள்வித்தாள் இல்ல, ஸ்டேட் இன்ஸ்பெக்‌ஷன். சொல்லாம கொள்ளாம வருவாங்க, 15 மாசத்துக்குள்ள ஒரு தடவையாவது. ஒவ்வொரு தப்புக்கும் எஃப் டேக்னு ஒரு நம்பர் போடுவாங்க, 550 மரியாதை, 600 அப்யூஸ், 689 விபத்து, 880 தொற்று. ஏ-லேர்ந்து எல் வரைக்கும் கடுமை, ஜே, கே, எல் வந்தா இமீடியட் ஜெப்பர்டி, ரெசிடென்ட்டுக்கு உடனடி ஆபத்துன்னு அர்த்தம், ஆபீஸ்ல யாருக்கும் தூக்கம் இருக்காது. உங்களை ஹால்ல நிறுத்தி ரெண்டு கேள்வி கண்டிப்பா கேப்பாங்கன்னு வெச்சுக்கோங்க: இந்த ரெசிடென்ட்டுக்கு என்ன செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? (கேர் ப்ளான், கார்டெக்ஸ்.) இங்க அப்யூஸ் கோ-ஆர்டினேட்டர் யாரு? (பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டர், பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.) தெரியலன்னா கதை விடாம "நர்ஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னு சொல்லுங்க, அது சரியான பதில்தான்.

ஓஷாங்கிற வேலைப் பாதுகாப்பு அமைப்பை இதோட குழப்பிக்காதீங்க, அது ரெசிடென்ட்டுக்கு இல்ல, நம்ம பாதுகாப்புக்கு. ரத்தம் படுற வேலைங்கிறதால ஹெப்படைட்டிஸ் பி ஊசியை முதலாளி சும்மா போட்டு விடணும், கேட்டு வாங்குங்க.

பரீட்சையும் ரெஜிஸ்ட்ரியும்

ரெண்டு பாகம்: எழுத்து (வேணும்னா படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கலாம்), அப்புறம் ஸ்கில்ஸ். ஸ்கில்ஸ்ல கை கழுவுறது கண்டிப்பா வரும், குறைஞ்சது 20 நொடி தேய்க்கணும், விரல் நுனி கீழ பாத்து இருக்கணும், டேப்பை பேப்பர் டவலால மூடணும். எந்த ஸ்கில்லா இருந்தாலும் கதவைத் தட்டி, பேரைச் சொல்லி, என்ன பண்ணப் போறோம்னு சொல்லி, கர்ட்டனை இழுத்து. முடிச்சப்புறம் கட்டிலைக் கீழ எறக்கி, வீலை லாக் பண்ணி, கால் லைட்டைக் கையில குடுத்து. இதை வாயாலயும் சொல்லிக்கிட்டே செய்யுங்க. மூணு வாய்ப்பாவது குடுக்கணும்னு சட்டம், அதனால ஒரு தடவை போனா ஒடிஞ்சு போயிடாதீங்க.

பாஸ் ஆனா ரெஜிஸ்ட்ரியில பேரு வந்துடும். 24 மாசம் தொடர்ச்சியா சம்பளத்துக்கு இந்த வேலை பாக்காம இருந்தா பேரு போயிடும், திரும்ப ட்ரெய்னிங்கோ பரீட்சையோ. சொந்த மாமியாரை வீட்ல பாத்துக்கிட்டது இதுல சேராது. எச்-4 விசாவுல இருக்குறவங்க ஈ.ஏ.டி. (வேலை பாக்குற அனுமதி அட்டை) கைக்கு வராம வேலையில சேராதீங்க, கிளாஸ் முடிச்சிருந்தாலும் சரி. வீட்டுக்காரர் ப்ராஜெக்ட் மாறி வேற ஸ்டேட்டுக்குப் போறீங்கன்னா, இது ஸ்டேட் சர்டிஃபிகேட்டுங்கிறதை மறந்துடாதீங்க. பழைய ஸ்டேட்ல இன்னும் ஆக்டிவ்வா இருக்கும்போதே புது ஸ்டேட்ல ரெசிப்ராசிட்டிக்கு (பழைய சர்டிஃபிகேட்டை ஏத்துக்கச் சொல்லி) அப்ளை பண்ணுங்க, கடைசியா வேலை பாத்த எடத்தோட பே ஸ்டப் ஒண்ணு ரெண்டை ஃபைல்ல போட்டு வெச்சுக்கோங்க, கேப்பாங்க.